ஒரு சுரம் மேலே

தெல்மா பிரிக்ஸுக்கு இசைத்தாளில் எழுதிய நோட்ஸ் படிக்கத் தெரியாது. லண்டனில் இந்த விஷயம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்புக்கு என்ன, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

அது அறுபத்தைந்தாம் வருஷம். ஊரில் வாரத்துக்கு ஒரு பாட்டுக் கோஷ்டி முளைத்துக்கொண்டிருந்தது. நாலு பையன்கள், ஒரே தையல்காரன் தைத்த கோட்டு, கண்ணை மறைக்கிற முடி. இசைத்தட்டின் அட்டையில் கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிப்பது அவர்கள். தட்டுக்குள் கேட்கிற கிடார் பெரும்பாலும் வேறு யாரோ வாசித்தது. அந்த வேறு யாரோவுக்கு அட்டையில் பேர் கிடையாது. நான்தான் வாசித்தேன் என்று வெளியே மூச்சு விடவும் கூடாது. காலையில் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தால் முன்பின் பார்த்திராத தாள் ஒன்று ஸ்டாண்டில் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் நாலு பாட்டு, மத்தியானம் வேறு ஸ்டுடியோவில் வேறு நாலு பாட்டு. இந்தக் கூட்டத்தில்தான் தெல்மா போன கோடையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கிடார்காரர்களில் அவள் ஒருத்திதான் பெண். அதுவும் முதல் நாற்காலியில், முக்கியமான பகுதிகளை வாசிக்கிறவரின் இடத்தில்.

அதற்கு முன்னால் தேம்ஸுக்குத் தெற்கே ஒரு பிஸ்கட் ஆலையில் தகர டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தவள் அவள். சனிக்கிழமைகளில் நடன அரங்குகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பாள். எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், விரலுக்கு வந்துவிடும். ஸ்டுடியோக்களுக்கு வாத்தியக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் மோரி ஃபின்ச் ஒரு சனிக்கிழமை அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு மேடையோரம் வந்தார். "நோட்ஸ் படிப்பியா?" என்றார். "ஓ, படிப்பேனே" என்றாள் தெல்மா. யோசிக்காமல் வாயிலிருந்து விழுந்த பதில் அது. சொன்னதை மெய்யாக்கிவிடலாம் என்று புத்தகம் வாங்கிப் பார்த்தாள். ஐந்து கோட்டின் மேல் அந்தக் கறுப்புப் புள்ளிகள் எறும்பாக ஊர்ந்தன. ஒரு எறும்பும் பிடிபடவில்லை. புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேறு வழி தேடினாள்.

வழி சுலபமானதுதான். எந்தப் பாட்டையும் பதிவுக்கு முன்னால் ஒரு தடவையாவது எல்லோரும் சேர்ந்து ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த முதல் ஓட்டத்தில் தெல்மாவின் ஆம்ப்புக்கு, கிடாரின் சத்தத்தைப் பெருக்குகிற அந்தப் பெட்டிக்கு, ஏதாவது வந்துவிடும். வயர் லூஸாகிவிடும், வால்வு சூடாகாது, உள்ளே ஏதோ உறுமும். அவள் முட்டிபோட்டு ஆம்ப்பின் முதுகைத் தடவிக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொள்வாள். பக்கத்தில் இரண்டாம் கிடார் லென் காட்ஸ்பி என்ன வாசிக்கிறார், பியானோ எங்கே திரும்புகிறது, வயலின்கள் எங்கே அடங்குகின்றன, எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது ஓட்டத்தில் ஆம்ப் குணமாகிவிடும். தெல்மா தாளை முறைத்துப் பார்த்தபடி வெளுத்து வாங்குவாள். லென் பக்கம் புரட்டும்போது அவளும் புரட்டுவாள்.

"வேற ஆம்ப் வாங்கேன்மா, சனியனைத் தலைமுழுகு" என்று டிரம்ஸ்காரர் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "ராசியான ஆம்ப்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

சிரித்துக்கொண்டு சொல்வாளே தவிர, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஒரு தடவை "முடியாது" என்று சொன்னவனுக்கு மறுபடி போன் வராது. பொய் சொல்லி உள்ளே வந்தவளுக்கு எங்கே வரும்? மோரியின் போன் நின்றால் அவளுக்கு மறுபடி தகர டப்பாதான். அவளுக்கோ அந்த நாற்காலி என்றால் உயிர். சிவப்பு விளக்கு எரிந்து, முப்பது பேர் மூச்சை அடக்கி, முதல் தந்தியை அவள் தட்டுகிற அந்தக் கணத்துக்காகத்தான் தான் பிறந்தோம் என்று அவள் நம்பினாள். அது அப்படியொன்றும் பொய்யான நம்பிக்கை இல்லை.

அன்றைக்கு மேரில்போன் பக்கத்தில் ஓர் அடித்தள ஸ்டுடியோ. பாடகி குவெண்டா, வேல்ஸிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி மகள், இன்னும் பேர் வாங்காதவள். இசை அமைத்து நடத்துகிறவர் டெரிக் ஹாலம். ஹாலமுக்குக் கோபம் மூக்கு நுனியில். தாளில் தான் எழுதாத ஒரு சுரத்தை யாராவது வாசித்தால் தாளம் காட்டுகிற குச்சியைத் தூக்கி எறிவார். தெல்மா கிடாரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது ஹாலம் மூலையில் பியானோவில் குவெண்டாவுக்கு ஒரு பாட்டின் ஆரம்பத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒற்றை விரலால் தட்டினார். சின்ன மெட்டு. ஏறி, தயங்கி, மறுபடி ஏறி, சட்டென்று வாசலில் நிற்கிற மாதிரி நின்றது. தெல்மாவுக்குப் புல்லரித்தது. யார் வாசிக்கப்போகிறார்களோ, கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்தாள்.

முதல் இரண்டு பாட்டும் வழக்கம்போல் போயின. ஆம்ப் இரண்டு தடவை படுத்து இரண்டு தடவை எழுந்தது. டீ குடித்தார்கள். லென் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த ரொட்டியில் பாதியைத் தெல்மாவிடம் நீட்டினார். லென் நடனக் குழுக்களில் இருபது வருஷம் வாசித்தவர். மூன்று பெண் குழந்தைகள். பேச்சு குறைவு. தாளில் ஈ உட்கார்ந்தால் அந்த ஈயையும் வாசித்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு.

மூன்றாவது பாட்டுக்கு ஹாலம் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டினார்.

"இதுதான் இன்னைக்கு முக்கியமான பாட்டு. ஆரம்பத்தை டிரம்பெட்டுக்குத்தான் எழுதியிருந்தேன். நேத்து ராத்திரி யோசிச்சேன், கிடாருக்கு மாத்திட்டேன். தெல்மா, நீ தனியா ஆரம்பிக்கிற. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அதே மெட்டு திரும்ப வரும். அப்போ லென்னும் உன்கூட சேர்ந்துப்பார். சரியா?"

தெல்மா தாளைப் பார்த்தாள். எறும்புகள். தனியாக ஆரம்பிக்க வேண்டும் என்றால் முட்டிபோட்டு ஒட்டுக்கேட்பதற்கு யாரும் இல்லை. மறுகணமே, ஆரம்பம் என்றால் காலையில் ஒற்றை விரலில் கேட்ட அந்த மெட்டுதானே என்று பட்டது. ஆம்ப்புக்கு அன்று முதல் தடவையாக ஒரு நோவும் வரவில்லை.

வாசித்தாள். அந்த மெட்டு எலெக்ட்ரிக் கிடாரில் வந்தபோது வேறு ஒன்றாக இருந்தது. தயங்கும் இடத்தில் தந்தியை லேசாக வளைத்தாள். கேட்பவர்களுக்கு யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. நின்ற இடத்தில் குவெண்டாவின் குரல் தானாக நுழைந்தது. வயலின்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எலெக்ட்ரிக் கிடாரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் அவர்கள்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் லென் சேர்ந்துகொண்டார். சேர்ந்ததும் குடி மூழ்கியது. இரண்டு பூனைகள் கட்டிப் புரண்டு சண்டை போடுகிற சத்தம். குவெண்டா காதைப் பொத்திக்கொண்டாள். லென்னின் முகமும் கோணியது, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. முதல் ஓட்டத்தில் எழுதியதை எழுதியபடிதான் வாசிக்க வேண்டும், தப்பென்று பட்டாலும் தானாகத் திருத்தக் கூடாது. அதுதான் படித்து வாசிக்கிறவர்களின் ஒழுக்கம். கடைசிப் புள்ளிவரை வாசித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"லென்!" ஹாலமின் குச்சி பறந்து போய்ப் பெரிய டிரம்மில் பட்டு விழுந்தது. "என்ன வாசிக்கிறீங்க?"

"தாள்ல இருக்கிறதைத்தான் சார்."

ஹாலம் விறுவிறுவென்று வந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "இந்த நகல் எழுதுறவனை என்ன பண்றது! டிரம்பெட் தாளை வெச்சு அப்படியே இறக்கியிருக்கான்."

விஷயம் இதுதான். டிரம்பெட்காரருக்கு எழுதும்போது காதில் கேட்க வேண்டியதைவிட ஒரு சுரம் மேலே எழுத வேண்டும். அந்த வாத்தியத்தின் ஜாதகம் அப்படி. அதையே கிடாருக்குக் கொடுக்கும்போது ஒரு சுரம் கீழே இறக்கி எழுதியிருக்க வேண்டும். காலையில் அவசர அவசரமாக நகல் எடுத்தவன் அதை மறந்துவிட்டான்.

ஹாலம் அடுத்து தெல்மாவின் தாளை எடுத்தார். அதிலும் அதே தப்பு. தாளைப் பார்த்தார், தெல்மாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"நீ எப்படிச் சரியா வாசிச்சே?"

தீர்ந்தது கதை என்று நினைத்தாள் தெல்மா. ஆனால் ஹாலமின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"பார்த்தவுடனே தப்பைக் கண்டுபிடிச்சிருக்கே! கண்டுபிடிச்சு, ஒரு சுரம் கீழே இறக்கி, அதுவும் மொத தடவையிலேயே, ஒரு பிசிறு இல்லாம!" அவர் எல்லோர் பக்கமும் திரும்பினார். "பார்த்துக்குங்க. நோட்ஸ் படிக்கிறதுன்னா இதுதான்!"

டிரம்ஸ், டிரம்பெட் பக்கமிருந்து கை தட்டினார்கள். தெல்மாவின் காது மடல்கள் சுட்டன. வெட்கமில்லாமல் சொல்ல வேண்டும் என்றால், அந்தக் கைதட்டல் அவளுக்கு இனித்தது. ஹாலம் இதுவரை யாரையும் புகழ்ந்து அவள் கேட்டதில்லை. இனி அவள் படிப்பாளா என்று ஒருவரும் சந்தேகப்படப் போவதில்லை. பொய்க்கு முத்திரையே குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குள், காலையிலிருந்து சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் மோரி எழுந்து வந்து லென்னின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். மெதுவாகத்தான் பேசினார். மோரியின் மெதுவு தெருக்கோடிவரை கேட்கும்.

"இருபது வருஷமா படிக்கிறேன்னு சொல்றே. பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு கண்டுபிடிக்கிறா, நீ தூங்கிட்டிருக்கியா? எல்லார் முன்னாடியும் எனக்குத்தான் அசிங்கம். மத்தியானம் நீ வர வேண்டாம், லென். கண்ணு தெரியற ஆளாப் பார்த்துக்கறேன்."

லென் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

தெல்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். முதல் நாற்காலி சாகும்வரை அவளுக்குத்தான். லென் தாளில் இருந்ததை வாசித்தார். அதற்கு அவர் தலை உருளுகிறது. இவள் தாளைப் பார்க்கவேயில்லை. அதற்கு இவளுக்குப் பாராட்டு. இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குள் ஒரு கொதி கிளம்பியது. யார் மேல் என்று பார்த்தால் தன்மேல்தான்.

எழுந்து நின்றாள்.

"மோரி, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு வாசிச்சது நான்தான்."

"நீ சரியாத்தானே வாசிச்சே?" என்றார் ஹாலம்.

"சரியா வந்திடுச்சு, அவ்வளவுதான் சார். எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது."

எங்கோ ஒரு டிரம்ஸ் குச்சி கீழே விழுந்து உருண்டது. உருண்டு நிற்கும்வரை எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஜோக் இது?" என்றார் ஹாலம்.

"ஜோக் இல்ல. காலையில நீங்க பியானோவுல ஒத்தை விரலால தட்டினீங்கல்ல, அதைத்தான் வாசிச்சேன். தாள்ல என்ன இருக்குன்னு எனக்கு இப்பவும் தெரியாது. தலைகீழா வெச்சாலும் எனக்கு ஒண்ணுதான். லென் தாள்ல இருந்ததை அப்படியே வாசிச்சாரு. அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்போ இத்தனை மாசம்? அந்த ஆம்ப்?"

"ஆம்ப்புக்கு ஒண்ணும் இல்ல சார். தங்கமான ஆம்ப்."

செல்லோ வாத்தியக்காரர்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றினார்கள். ஹாலம் சிரிக்கவில்லை. அவருடைய பாட்டுகளுக்கு, அவருடைய தாள்களை வைத்துக்கொண்டு, ஒருத்தி இத்தனை நாளாகப் படிக்காமலேயே வாசித்திருக்கிறாள். சமையல்காரனுக்கு அவன் கறியை யாரும் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

"என் மானத்தை வாங்கிட்டியேம்மா" என்றார் மோரி. அவர் குரல் முதல் தடவையாக உண்மையிலேயே மெதுவாக வந்தது. "பெட்டியைக் கட்டு."

தெல்மா வயரைப் பிடுங்கினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இவர்கள் முன்னால் அழுவதைவிடத் தகர டப்பாவே மேல். லென்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஹாலம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி அடித்தால் வாத்தியக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். வாத்தியக்காரர் சங்கத்து விதி. பாதி வில்லில் இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கோட்டை மாட்டுவார்கள். அதற்கு இன்னும் அரை மணிகூட இல்லை. நாலாவது பாட்டு போயே போச்சு. இந்தப் பாட்டாவது முடிய வேண்டும்.

"லென், நீங்க ஆரம்பியுங்க. ஒரு சுரம் கீழே."

லென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு சுரம் தப்பவில்லை. தாளில் மேலே இருந்ததைக் கண்ணாலேயே கீழே இறக்கி, தேய்த்து மடித்த சட்டை மாதிரி வாசித்து நிறுத்தினார். குவெண்டா நுழையவில்லை. மறுபடி வாசித்தார். குவெண்டா ஒரு தாளம் தள்ளி நுழைந்து, தடுமாறி நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா உனக்கு?" என்று கத்தினார் ஹாலம்.

"மன்னிச்சுக்குங்க சார்." அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க ஆரம்பிக்கணும்னே தெரிய மாட்டேங்குது. அவங்க வாசிச்சப்போ வாய் தானாத் திறந்துச்சு."

"நாலு எண்ணிட்டு ஆரம்பி!"

எண்ணிவிட்டு ஆரம்பித்தாள். கடைக்காரரிடம் சாமான் பட்டியல் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது பாட்டு. லென் நடுவிலேயே கையை எடுத்துவிட்டார். இருபது வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. கிடாரைத் தரையில் படுக்க வைத்துவிட்டு எழுந்தார்.

"சார், ஒரு வார்த்தை சொல்லலாமா? இவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு மொத வாரமே எனக்குத் தெரியும்."

கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்த தெல்மா அப்படியே நின்றாள்.

"தலைகீழா வெச்சாலும் ஒண்ணுதான்னு சொன்னாளே, அது சும்மா சொல்லல. ஒரு நாள் நிஜமாவே தாளைத் தலைகீழா வெச்சுட்டு உர்ருன்னு பார்த்துட்டிருந்தா. நான்தான் திருப்பி வெச்சேன்."

ஸ்டுடியோவே சிரித்தது. சிரிக்காதவர்கள் ஹாலமும் மோரியும்தான்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார் மோரி.

"எதுக்கு மோரி சொல்லணும்? எழுதினதை வாசிக்க நான் இருக்கேன். என் வேலையில நான் யாருக்கும் குறைஞ்சவன் இல்ல, அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா இவ பக்கத்துல உக்காந்து வாசிச்சுட்டு வீட்டுக்குப் போற அன்னைக்கு மனசு நிறைஞ்சிருக்கும். பொண்ணுங்களுக்குக் கதையெல்லாம் சொல்லுவேன். இல்லாத அன்னைக்கு வெறும் முதுகு வலியோட போவேன்." அவர் ஹாலம் பக்கம் திரும்பினார். "தாள் எங்கிட்ட இருக்கு சார். பாட்டு அவகிட்ட இருக்கு. நேரம் போயிட்டிருக்கு."

லென் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பேசி முடித்துவிட்டு இரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் நாற்காலி காலியாக இருந்தது.

ஹாலம் அந்த நாற்காலியையே பார்த்தார். மோவாயைச் சொறிந்தார்.

"கோட்டைக் கழட்டு" என்றார்.

தெல்மா கழற்றினாள்.

"கடைசிச் சரணத்துக்கு முன்னாடி ஒரு இடையிசை இருக்கு. டிரம்பெட்டுக்கு எழுதினது. இது வரைக்கும் நீ கேட்டதே இல்ல. ஒரே ஒரு தடவை பாடுவேன். திருப்பி வாசிச்சேன்னா இங்க இரு. இல்லேன்னா கதவு திறந்திருக்கு."

"பாடுங்க சார்" என்றாள் தெல்மா. வயரைச் செருகினாள்.

ஹாலம் பாடினார். ஐயோ, அந்தக் குரலை என்னவென்று சொல்வது! முப்பது வாத்தியங்களைக் கண்ணசைவில் ஆட்டி வைக்கிற மனிதருக்குக் கடவுள் தொண்டையில் கல்லை வைத்துப் படைத்திருந்தார். "ல ல ல" என்று ஆரம்பித்து, இறங்கி, சுழன்று, ஒரு பெரிய தாவலில் மேலே பாய்ந்தார். பாய்ந்தவர் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் குரல் கீறி, வேறு எங்கோ இடறி விழுந்து, நொண்டிக்கொண்டே முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெல்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். அந்தத் தாவுற இடத்தை நீங்க பாடினபடி வாசிக்கணுமா, எழுதினபடி வாசிக்கணுமா?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. வயலின்காரர்கள் வில்லை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். டிரம்ஸ்காரர் நாற்காலியிலிருந்து சரிந்தார். சவுண்ட் இஞ்சினியர் தன் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் குலுங்குவது தெரிந்தது. ஹாலமின் முகம் பீட்ரூட் ஆனது. காதுவரை சிவந்தது. அப்புறம், யாரும் எதிர்பார்க்காத விதமாக, அவரும் சிரித்துவிட்டார்.

"எழுதினபடி" என்றார். "எழுதினது உனக்கெப்படித் தெரியும்?"

"அந்தச் சுரம் வேற எங்க போய் நிக்கும் சார்? அதுக்கு அங்கதானே வீடு."

வாசித்தாள். இறங்கிச் சுழன்று, தாவி, ஹாலம் இடறிய இடத்துக்கு மேலே சுத்தமாகப் போய் நின்றாள். நின்றதோடு விடவில்லை. தந்தியை அங்கேயே பிடித்து, ஆம்ப்பின் தொண்டை அதைத் தாங்கும்வரை பாட விட்டு, பிறகுதான் கீழே இறக்கினாள். எந்த டிரம்பெட்டாலும் அந்த மூச்சைப் பிடித்திருக்க முடியாது. டிரம்பெட்காரரிடம் வாங்கிய தாளை மடியில் விரித்து விரலால் தொட்டுக்கொண்டே வந்த லென், கடைசிப் புள்ளியில் விரலை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒண்ணுகூட விடல சார்."

ஹாலம் குச்சியைத் தேடினார். டிரம்ஸ்காரர் எடுத்துக் கொடுத்தார். "பதிவு பண்ணிடலாம்" என்றார் ஹாலம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தெல்மா தாளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எதையும் படிப்பதுபோல் நடிக்க வேண்டியதில்லை. கண் சும்மா இருந்தது. அந்தச் சுகத்தோடு முதல் தந்தியைத் தட்டினாள். மெட்டு ஏறி, தயங்கி, ஏறி, வாசலில் நின்றது. குவெண்டா எண்ணாமல் உள்ளே வந்தாள். சுரங்க ஊரின் மலைச்சரிவில் நின்று கூப்பிடுகிற மாதிரி கணீரென்ற குரல். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் லென் சேர்ந்துகொண்டார். இப்போது இரண்டு கிடாரும் ஒரே ஆளின் இரண்டு கையாகப் போயின. இடையிசை வந்தது. அந்தத் தாவலில் தெல்மா போன தடவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றாள். ஹாலம் குச்சியை உயர்த்தியபடி அவளுக்காகக் காத்திருந்தார். அவர் ஒரு கிடாருக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள்.

கடைசி அதிர்வு அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. ஒலிபெருக்கியில் இஞ்சினியரின் குரல் வந்தது.

"இதை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னா நான் வேலையை விட்டுடுவேன்."

மணி ஒன்று. வாத்தியக்காரர்கள் கோட்டை எடுக்கவில்லை. வயலின் வரிசையில் முதலாமவர் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார். டக், டக், டக். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். செல்லோக்கள் தட்டின. வில் பிடிக்கிறவர்கள் கை தட்டுவதில்லை. அவர்களுக்குப் பிடித்துப்போனால் இதுதான் மரியாதை. பெரிய பெரிய பாடகர்களுக்கே அது சுலபத்தில் கிடைக்காது. முந்தாநாள்வரை பிஸ்கட் டப்பாவுக்கு மூடி போட்டவளுக்குக் கிடைத்தது. குவெண்டா ஓடி வந்து தெல்மாவையும் கிடாரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தெல்மா அப்போதுதான் அழுதாள். சந்தோஷத்தில் அழுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது மோரி டைரியும் பென்சிலுமாக வந்து நின்றார். மோரி யாரையும் பாராட்ட மாட்டார். வேலை கொடுப்பார், அவ்வளவுதான்.

"மத்தியானம் ரெண்டரை மணி. ஹேம்ப்ஸ்டெட் ஸ்டுடியோ. முதல் நாற்காலி."

"ரெண்டாவது நாற்காலி?" என்றாள் தெல்மா.

"லென்தான், வேற யாரு?" மோரி எரிச்சலாகச் சொல்லிவிட்டு லென்னின் தோளைப் பார்க்காமலேயே தட்டினார். பிறகு பென்சிலால் காதைச் சொறிந்தார். "ஆனா அங்க நடத்துறது வேற ஆளு. ரொம்பக் கறார். உன்னைப் பத்தி அவருகிட்ட நான் என்னத்தைம்மா சொல்றது?"

தெல்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினாள். ஹாலம் பக்கத்தில்தான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

"உள்ளதைச் சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்கு நோட்ஸ் தெரியாது, மையை வீணாக்காதீங்க, ஒரு தடவை பாடிக் காட்டினா போதும்னு சொல்லுங்க. ஆனா கொஞ்சம் சுருதியோட பாடச் சொல்லுங்க!"